சங்க நோட்டு

ஆராதனை முடிந்து ஜனம் கலைந்ததும், போதகர் அங்கி மாற்றும் வெஸ்திரி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு காணிக்கைப் பைகளை மேசைமேல் கவிழ்ப்போம். முதலில் சில்லறை கொட்டும். நோட்டுகள் உடனே விழாது, உள்ளே கைவிட்டுத்தான் எடுக்கவேண்டும். எங்கள் ஊரில் பத்து ரூபாயை யாரும் விரித்தபடி போடமாட்டார்கள். நாலாக, எட்டாக மடித்து, உள்ளங்கைக்குள் மறைத்து, பை முன்னால் வரும்போது கையைப் பைக்குள் முழுசாக நுழைத்து விட்டுவிடுவார்கள். எவ்வளவு என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடத் தெரியக்கூடாது.

அந்த மடிப்புகளைப் பிரிப்பதுதான் பொருளாளரின் முதல் வேலை. ஒவ்வொன்றாகப் பிரித்து, நகத்தால் நீவி, காந்தி முகம் ஒரே பக்கம் வரும்படி அடுக்கவேண்டும். சில நோட்டில் கருப்பட்டிப் பிசுக்கு ஒட்டியிருக்கும். சிலதில் முருங்கைக்காய் மூட்டை கட்டிய கையின் மண். ஒரு வருஷம் எண்ணினால் போதும், எந்த மடிப்பு யாருடையது என்று கைக்குத் தெரிந்துவிடும். தெரிந்தாலும் சொல்லக்கூடாது. நான் இரண்டு தவணை அந்த வேலையைப் பார்த்தேன். எனக்கு முன்னால் என் அப்பா பார்த்தார். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: "கோயில் காச சட்டப் பையில வைக்காத. பேங்குக்குக் கொண்டுபோறவரைக்கும் கையில புடிச்சுக்கிட்டே நட."

எங்கள் ஊர் திருச்செந்தூருக்கு அந்தப் பக்கம், செம்மணல் தேரிக்காட்டின் ஓரம். பெயரை எழுதவில்லை. எழுதினால் நான் சொல்லப்போகும் ஆட்களைப் பக்கத்து ஊர்க்காரர்கள் அடையாளம் கண்டுவிடுவார்கள். எழுபது சொச்சம் குடும்பங்கள் உள்ள சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. அதில் பாதிக் குடும்பங்கள் சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கின்றன. இங்கே இருப்பவர்களில் வயதானவர்கள்தான் அதிகம். எங்களுக்கென்று தனி ஐயர், அதாவது போதகர், கிடையாது. ஐந்தாறு சபைகள் சேர்ந்த சேகரத்துக்கு ஒரு குருவானவர். அவர் மாதத்துக்கு ஓரிரு ஞாயிறு வந்து திருவிருந்து கொடுப்பார். மற்ற நாளெல்லாம் சபையை நடத்துவது உபதேசியார்தான். காலை ஜெபம், ஓய்வுநாள் பாடசாலை, நோயாளி வீடு, சாவு வீடு எல்லாம் அவர் தலையில்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது என்று வெளியூர் நண்பர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வெளிநாட்டுப் பணம் வருகிறதா என்று கேட்டவர்கள் உண்டு. பல ஊர்களில் முதல் கோயிலும் முதல் பள்ளிக்கூடமும் மிஷனெரிகள் காலத்துப் பணத்தில் எழுந்தவைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இன்று எங்கள் சபையின் மின்கட்டணத்தைக் கட்டுவது ஞாயிற்றுக்கிழமைப் பை. உபதேசியார் சம்பளத்தைக் கொடுப்பது சங்கம். சேரும் பணத்தில் ஒரு பங்கு சேகரத்துக்குப் போய், அங்கிருந்து பேராயர் தலைமையிலான திருமண்டலத்துக்குப் போகும். ஐயர் சம்பளம் அந்த வழியாகத்தான். வெள்ளை அடிக்க, ஒலிபெருக்கி மாற்ற, சுற்றுச்சுவர் கட்ட எல்லாவற்றுக்கும் பண்டிகை வருமானம்.

சங்கம் என்றால் மாதச் சந்தா. "சங்கம் குடுத்தாச்சா?" என்றால் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு அதற்கு வேறு பொருளே கிடையாது. வருமானம் உள்ளவன் இவ்வளவு, விதவை என்றால் பாதி என்று சபைக்குச் சபை ஒரு வழக்கம். இதற்கென்று நீளமான ஒரு நோட்டு உண்டு. இடது ஓரத்தில் குடும்பத் தலைவர் பெயர், மேலே பன்னிரண்டு மாதம். கொடுத்த மாதத்துக் கட்டத்தில் தொகையும் தேதியும். கொடுக்காத கட்டம் வெறுமையாக இருக்கும். எங்கள் வெஸ்திரி அலமாரியில் 1950களிலிருந்து இந்த நோட்டுகள் இருக்கின்றன. பழையதில் அணாக் கணக்கு. அட்டை செல்லரித்த ஒரு நோட்டில் என் தாத்தாவின் பெயருக்கு நேரே நாலு மாதம் தொடர்ந்து வெறுமை. பிறகு சித்திரை வாக்கில் மொத்தமாகக் கட்டியிருக்கிறார். பனை பாளை விட்டுப் பதநீர் இறங்கி, கருப்பட்டி விற்ற பிறகு கொடுத்திருக்கிறார். பனையேறியின் வீட்டுக் கணக்கும் கோயில் கணக்கும் ஒரே பருவத்தில் நடந்திருக்கின்றன.

சங்கம் என்ற அந்தச் சொல்லே எனக்குப் பெரிய வரலாறாகத் தோன்றும். திருநெல்வேலிச் சபையில் பணம் சேர்ப்பது ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து செய்த காரியம். பாளையங்கோட்டையில் 1785இல் எழுந்த முதல் கோயில், தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவையான கிளாரிந்தா முன்னின்று கட்டியது. இன்றும் அதற்குப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் பெயர். 1799இல் முதலூர் என்ற ஊர் எழுந்தது, சொந்த ஊரில் இருக்க முடியாமல் போன புதுக் கிறிஸ்தவர்களுக்காக நிலம் வாங்கி. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மன் மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்தில் அதையே ஓர் ஒழுங்காகச் செய்தார்கள். விரட்டப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கி ஊர் அமைக்க 1830இல் தர்ம சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சங்கம் என்ற சொல் சந்தாவையே குறிக்கும் சொல்லாக மாறிப்போனது இப்படிப்பட்ட அமைப்புகளால்தான் என்பது என் எண்ணம். அடைக்கலம் தேடி வந்தவனுக்கு ஒரு குடிசை போட இடம் வேண்டும், அதற்குக் கைக்காசு போடுவது. அங்கிருந்து வந்த பழக்கம் இது.

1841க்குப் பிறகு முப்பது ஆண்டுகள் இங்கிலாந்தின் சி.எம்.எஸ். மிஷனெரிச் சங்கத்தின் செயலாளராக இருந்த ஹென்றி வென், ஒரு சபை தன் செலவைத் தானே பார்க்கவேண்டும், தன்னைத் தானே ஆளவேண்டும், தன் விசுவாசத்தைத் தானே பரப்பவேண்டும் என்று வற்புறுத்தியவர். லண்டனில் உட்கார்ந்து எழுதியதுதான், ஆனால் அதன் பாரம் விழுந்தது தேரிக்காட்டுப் பனையேறிகள்மேல். தங்கள் ஐயருக்குத் தாங்களே படி அளக்கவேண்டும் என்று ஆனபோது அவர்களில் பலர் கடனில்தான் இருந்திருப்பார்கள். அப்படியும் செய்தார்கள். செய்ததோடு நிற்கவில்லை. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தை ஆரம்பித்தபோது, அதன் கொள்கை இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது. முன்னின்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர். தெலுங்கு நாட்டு தோர்ணக்கலுக்கு இவர்கள் ஆள் அனுப்பினார்கள். பிறகு அசரியாவே அங்கே போனார், 1912இல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். பண்ணைக் கூலிகளாக இருந்த தெலுங்குச் சபையாருக்கும் கொடுக்கும் பழக்கத்தையே அவர் கற்றுத்தந்தார், கிறிஸ்தவக் கொடை பற்றித் தனியாக ஒரு நூலும் எழுதினார். ஏழையிடம் கேட்கலாமா என்ற கேள்வி அவருக்கும் வந்திருக்கும். எனக்கும் வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் ஆச்சியின் அடுப்படியில் உலைப்பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்கலயம் இருக்கும். உலையில் அரிசி போடுமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அதில் போடுவாள். வாய் ஏதோ முணுமுணுக்கும். சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் ஐக்கிய சங்கத்துப் பெண்கள் ஓலைப்பெட்டியோடு வீடு வீடாக வருவார்கள். கலயத்தைப் பெட்டியில் கவிழ்த்துவிட்டுத் திரும்பக் கொடுப்பார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் அந்த அரிசியை விற்பார்கள். கலப்பு அரிசி. ஒரு வீட்டுப் பொன்னி, ஒரு வீட்டு ரேஷன் புழுங்கல், இன்னொரு வீட்டுக் குருணை. ஒன்று வெந்தால் இன்னொன்று வேகாது. அதனால் விலை குறைவு. இல்லாத வீட்டுப் பெண்கள் அதைத்தான் வாங்குவார்கள். அந்த வாரம் அவர்கள் போடும் பிடியும் அந்த அரிசியிலிருந்தே வரும்.

இந்தப் பழக்கம் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலையும் பிடியரிசியால் வளர்ந்த பள்ளிதான். அங்கே மகமை என்று வியாபாரத்திலும் ஒரு பங்கு ஒதுக்குவார்கள். எங்கள் முன்னோரும் சபைக்கு வருமுன்பே ஊர்ப் பொதுவுக்குக் கொடுத்துப் பழகியிருப்பார்கள். கை பழகியிருந்திருக்கும். தூரத்தில் மிசோரத்துச் சபைப் பெண்களும் 1910லிருந்து வேளைக்கு ஒரு பிடி அரிசி ஒதுக்கி வருகிறார்கள். அதை விற்ற பணத்தில் அங்கே மிஷன் வேலை நடக்கிறது. எங்கள் ஊரில் கலயம் நின்றுபோய் இருபது வருஷத்துக்கு மேலாகிறது. எல்லோர் வீட்டிலும் குக்கர் வந்ததும் நின்றது என்று சொல்வார்கள். குக்கர் காரணமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. சனிக்கிழமை பெட்டி தூக்கி வர ஆள் இல்லை.

பண்டிகையைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் சபையின் பணத்தைச் சொல்ல முடியாது. வருஷத்துக்கு ஒரு முறை அறுப்பின் ஸ்தோத்திரப் பண்டிகை. அன்று பீடத்துக்கு முன்னால் இருக்கும் இடம் சந்தைபோல் இருக்கும். வாழைத்தார், பூசணி, தேங்காய், கருப்பட்டிப் பெட்டி, பனங்கிழங்குக் கட்டு, கால் கட்டிய சேவல். ஓர் ஆட்டுக்குட்டி வெளியே வேம்பில் கட்டிக் கிடந்து பிரசங்கம் முழுக்கக் கத்தும். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஏலம் போட ஒரு அண்ணாச்சி இருந்தார், குரல் கணீரென்று தெருக்கோடிவரை கேட்கும். கடையில் அன்று என்ன விலையோ அதைப்போல் பத்து மடங்குக்கு ஒரு முட்டை போகும். எடுத்தவர் "கோயிலுக்கே" என்பார். மறுபடி ஏலம். ஒரே முட்டை நாலு முறை ஏலம் போனதைப் பார்த்திருக்கிறேன்.

ஏலத்தைக் கோயிலுக்குள் கூடாது என்பவர்கள் எங்கள் சபையிலேயே உண்டு. போட்டிக்குக் கேட்கிறார்கள், பெருமைக்குக் கேட்கிறார்கள் என்பார்கள். அதில் உண்மையும் உண்டு, இரண்டு மைத்துனர்களுக்குள் ஒரு சேவலில் ஆரம்பித்த பகை மூன்று வருஷம் நின்றது. ஆனாலும் நான் ஏலத்தின் பக்கம்தான். ஏனென்று சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒரு பெரியம்மா இருந்தார். வீட்டுக்குப் பின்னால் இரண்டு முருங்கை, அவ்வளவுதான் சொத்து. பண்டிகைக்கு ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டுவருவார். சந்தைக்குப் போனால் அதற்கு என்ன கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஏலத்தில் அந்தக் கட்டை மும்பையிலிருந்து வந்த ஒருவர் ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்தார். ரசீதில் கொடுத்தவர் பெயர் பெரியம்மா, எடுத்தவர் பெயர் அவர். விளைச்சல் உள்ளவரிடம் பணம் இல்லை, பணம் உள்ளவரிடம் விளைச்சல் இல்லை. இரண்டும் ஒரே ரசீதில் சேர்ந்தன. பெரியம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அசனம், எல்லோருக்கும் பொதுச் சாப்பாடு. வீட்டுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று சேர்ப்பார்கள். ஆடு தனியாக நேர்ந்து விடுவார்கள். முந்தின ராத்திரி முழுக்க ஆண்கள் கோயில் பின்கட்டில் வெங்காயம் உரிப்பார்கள். சோற்றை வடித்து ஓலைப்பாயில் மலைபோல் குவித்து, ஐயர் ஜெபம் பண்ணிய பிறகுதான் முதல் அகப்பை. சுற்று ஊர்களிலிருந்து எந்தச் சாதி, எந்த மதம் என்றில்லாமல் வந்து சாப்பிடுவார்கள், பாத்திரத்திலும் வாங்கிப் போவார்கள். கணக்குப் பார்த்தால் அசனத்தில் சபைக்குப் பெரிய மிச்சம் நிற்காது. ஒரு வருஷம் செலவைக் குறைக்க ஊர்க்காரருக்கு மட்டும் வைப்போம் என்று யாரோ சொன்னபோது, கமிட்டியில் இருந்த ஒரு தாத்தா, "அப்ப அதுக்குப் பேரு அசனம் இல்ல, கறிச்சோறு" என்றார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

இனிமேல்தான் எனக்கு மனசு கனக்கிற பகுதி.

நான் பொருளாளரான புதிதில் சபையில் சமுதாயக் கூடம் கட்ட ஆரம்பித்தோம். கல்யாணத்துக்குப் பந்தல் செலவு மிச்சமாகும் என்பது நியாயமான காரணம். வெளியூரில் இருப்பவர்களுக்குச் செய்தி போனது. அவர்கள் தாராளமாகக் கொடுத்தார்கள், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். தூரத்தில் இருப்பவனுக்கு ஊரில் தன் பெயரில் ஒரு தூண் நிற்கவேண்டும் என்ற ஆசை இயல்பு, அதில் பாசமும் இருக்கிறது. கருப்புக் கிரானைட்டில் பெயர் வெட்டினோம். தொகை எவ்வளவோ அந்த வரிசையில் பெயர். மின்விசிறி, நாற்காலி, பாத்திரம் என்று எல்லாவற்றிலும் பெயர் ஏறியது. இரண்டு வருஷத்தில் கூடம் எழுந்துவிட்டது. இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் 1847இல் தொடங்கிய கோயில் 1880இல்தான் பிரதிஷ்டையானது, முப்பத்து மூன்று வருஷம். அந்தக் கணக்கில் எங்கள் வேகம் பெரிது என்று பேசிக்கொண்டோம்.

அதே இரண்டு வருஷத்தில் சங்க நோட்டில் வெறுமைக் கட்டங்கள் கூடின. கூடத்துக்குப் பெரிய தொகை கொடுத்தவர்கள் பலர் சங்கம் கொடுக்கவில்லை. கேட்டால், "அதான் கட்டடத்துக்குக் கொடுத்தாச்சே" என்றார்கள். உள்ளூரில் சிலர், "வெளியூர்க்காரங்க குடுக்காங்களே, நம்ம அம்பது ரூவாயிலயா கோயில் நடக்கப்போவுது" என்று கையை இழுத்துக்கொண்டார்கள். இது என்னை அதிகமாக வருத்தியது. தன் ஐம்பது ரூபாய் தேவையில்லை என்று ஒருவன் நினைக்கத் தொடங்கிய இடத்தில் அவனுக்கும் சபைக்கும் நடுவில் ஏதோ அறுந்துபோகிறது. கட்டட நிதியில் லட்சங்கள் இருக்க, உபதேசியாருக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. அவர் வாய் திறந்து கேட்கவில்லை. அவர் மனைவி ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, என்னிடம் கேட்காமல், என் மனைவியிடம் கைமாற்றாக ஆயிரம் ரூபாய் கேட்டார். கூடத்தின் பெயர்ப்பலகை அன்று மெருகேறிக்கொண்டிருந்தது.

சங்கம் குறைந்ததும் கமிட்டி கண்டுபிடித்த வழி, பழைய வழி: நல்லது கெட்டதுக்கு வரும்போது நிலுவையைப் பிடிப்பது. கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கவேண்டுமா, பாக்கியை முடி. பிள்ளைக்கு ஞானஸ்நானமா, பாக்கியை முடி. பல ஊர்களில் இந்த வழக்கம் உண்டு. நானும் சரி என்றுதான் கையெழுத்துப் போட்டேன். சந்தோஷ காரியத்துக்கு வருபவன் கொடுப்பான் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு சாவு வந்தது. பனையேறிக் குடும்பம், பனைத்தொழில் விழுந்ததும் பிழைப்புக்குக் கேரளா போய் நொடித்துத் திரும்பியவர்கள். ஏழு வருஷம் சங்கம் கொடுக்கவில்லை. துக்க மணி அடிக்க, கோயில் வேலை பார்க்கும் கோயில்குட்டியார் கயிற்றைப் பிடித்தபோது, கமிட்டிக்காரர் ஒருவர் நிறுத்தினார். நோட்டை எடுத்துவரச் சொன்னார்கள். கொண்டுபோனது நான்தான், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. செத்தவர் பந்தலில் கிடத்தியிருக்க, வேப்பமரத்தடியில் நின்று கூட்டினேன். நாலாயிரத்து இருநூறு ரூபாய். மூத்த மகன் யாரிடமும் ஒன்றும் பேசவில்லை. மளிகைக் கடைக்காரரிடம் போய் வாங்கிவந்தான். அந்தக் கடைக்காரர் எங்கள் சபை இல்லை, மாரியம்மன் கோயில் வரிக்காரர். நான் ரசீது எழுதினேன். பிறகுதான் மணி அடித்தது. கல்லறைத் தோட்டத்தில் மண் போடும்போது அந்தப் பையன் என்னைப் பார்த்தான். அவன் பார்வையில் கோபம்கூட இல்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கூட்ட மாட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம்.

அந்த ரசீதின் அடிக்கட்டை என்னிடம் இருக்கிறது. மனதில் நியமித்தபடி கொடுக்கவேண்டும், விசனமாயும் கட்டாயமாயும் கூடாது என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய வசனத்தைக் காணிக்கை எடுக்கும்போதெல்லாம் எங்கள் உபதேசியார் வாசிப்பார். அதற்குப் பிறகு அந்த வசனம் வரும்போது நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

2020 வந்தது. மார்ச் கடைசியில் கோயில் பூட்டியது. குருத்தோலை ஞாயிறு இல்லை, பெரிய வெள்ளி இல்லை, ஏப்ரல் 12இல் ஈஸ்டர், அன்றும் மணி அடித்ததே தவிர யாரும் உள்ளே போகவில்லை. ஞாயிறு இல்லையென்றால் பை இல்லை. பண்டிகை இல்லை, ஏலம் இல்லை. சேகரத்துக்குக் கொடுக்கவேண்டிய பங்கு அப்படியே நிற்கிறது. உபதேசியார் முகக்கவசம் கட்டிக்கொண்டு தெரு முனையில் நின்று வீட்டுக்கு வீடு ஜெபித்துப் போனார். கட்டட நிதியிலிருந்து அவர் சம்பளத்துக்கு எடுக்கலாமா என்று போனிலேயே கமிட்டி பேசினோம். குறிப்பிட்ட காரியத்துக்கென்று வாங்கிய பணத்தை வேறொன்றுக்கு எடுப்பது கணக்கில் தப்பு. அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. கடனாக எழுதி எடுப்பது என்று முடிவானது. கொடுத்தவர்களில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டு, "என் காசு தளத்துக்குக் கொடுத்தது, சம்பளத்துக்கு இல்ல" என்றார். அவர் சொன்னது சட்டப்படி சரி. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் பங்கைத் தொடவில்லை.

அந்த ஏப்ரலில் ஒரு நாள் உச்சிவெயிலில் வாசலில் குரல். எழுபத்தைந்து வயது ஆச்சி, தனிக்கட்டை. அரசாங்கம் ரேஷன் அட்டைக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்த சமயம் அது. முந்தானை முடிச்சிலிருந்து ஒரு நூறு ரூபாயை எடுத்து நீட்டினார்.

"எய்யா, இத சங்கத்துல ஏத்திக்கோ."

எனக்குக் கை வரவில்லை. "ஆச்சி, இந்த மாசம் யாரும் குடுக்கல. நீங்க வச்சுக்கோங்க. கோயிலே பூட்டித்தானே கெடக்கு."

"கோயில்தான பூட்டிக் கெடக்கு? எம் பேர நோட்டுலருந்து எடுத்துட்டீயளா?"

நான் உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து, நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். தன் பெயர் எந்த வரி என்று மட்டும் தெரியும். விரலை வைத்துக் காட்டினார்.

ஏழையிடம் கேட்கலாமா என்று மேலே எழுதினேன். கேட்கக் கூடாது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன், இரக்கம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். அவரிடம் வாங்க மறுத்திருந்தால், நீ இனி வாங்கிச் சாப்பிடுகிற ஆள், கொடுக்கிற ஆள் இல்லை என்று அவரை நான் தள்ளி வைத்ததாக ஆகியிருக்கும். வேப்பமரத்தடியில் நின்று நான் கேட்டதும் பாவம், திண்ணையில் நின்று வேண்டாம் என்றதும் பாவம். இரண்டையும் ஒரே நோட்டை வைத்துக்கொண்டுதான் செய்தேன்.

அந்த மாதமும் அடுத்த மாதமும் இப்படி வந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர். யாரும் பெரிய தொகை கொடுக்கவில்லை. கிரானைட்டில் இருக்கும் பெயர்கள் அவர்களில் இரண்டுதான். எடுத்த கடனில் பாதிக்கு மேல் அவர்கள் காசிலேயே அடைந்தது.

கோயில் திறந்த பிறகு நடந்த முதல் கமிட்டியில் நான் மூன்று காரியம் கேட்டேன். சாவு வீட்டில் நோட்டை எடுக்கக் கூடாது, எந்தக் காரணத்துக்கும். இது அரை மணி நேரம் தகராறுக்குப் பிறகு நிறைவேறியது. முடியாதவர்களின் சங்கத்தை ஏழை நிதியிலிருந்து அவர்கள் பெயரிலேயே கட்டி, கட்டம் வெறுமையாகாமல் பார்க்கவேண்டும், பொருளாளருக்கும் உபதேசியாருக்கும் மட்டும் தெரிந்து. இதுவும் நிறைவேறியது. கட்டடத்துக்கென்று வரும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் பத்து ரூபாய் சம்பள நிதிக்குப் போகவேண்டும் என்றேன். இதற்கு ஆதரவு கிடைக்கவில்லை. கொடுப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்றார்கள். இன்றுவரை அது நிறைவேறவில்லை.

இப்போது கோயில் வாசலில் கியூ.ஆர். அட்டை ஒட்டியிருக்கிறது. இளையவர்கள் போனில் போடுகிறார்கள். கணக்குக்கு அது சுத்தம், வங்கி அறிக்கையில் எல்லாம் நிற்கிறது, மடிப்புப் பிரிக்கும் வேலை குறைந்துவிட்டது. அதில் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பை இன்னும் சுற்றுகிறது. மடித்த நோட்டுகள் இன்னும் விழுகின்றன.

இந்த வருஷப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஊருக்கு வரப்போகிறவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். கூடத்துக்கு மேல்தளம் போடும் பேச்சு நடக்கிறது. கேட்பார்கள், கொடுங்கள். கொடுக்குமுன் உபதேசியாருக்கு இந்த மாதச் சம்பளம் கொடுத்தாச்சா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் அப்பா பெயருக்கு நேரே எத்தனை கட்டம் வெறுமையாக இருக்கிறது என்று பாருங்கள். நோட்டு வெஸ்திரி அலமாரியில் இரண்டாவது தட்டில், திருவிருந்துப் பாத்திரப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீல அட்டை. பூட்டுவதில்லை.